யாரை வெட்டுவது? தானியங்கிப் படவெட்டின் கால் நூற்றாண்டு

2024 அக்டோபர் 11 இரவு எட்டரை மணி வாக்கில், மைசூரிலிருந்து தர்பங்கா சென்றுகொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் லூப் லைனில் நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. மெயின் லைனில் செல்ல சிக்னல் பெற்ற வண்டி லூப் லைனுக்குள் புகுந்திருந்தது. பத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தடம்புரண்டன, பார்சல் பெட்டி தீப்பற்றியது, பலர் காயமடைந்தனர். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. மறுநாள் காலை ட்ரோன் எடுத்த படங்கள் நாடெங்கும் பரவின. தண்டவாளங்களின் குறுக்கே தாறுமாறாகக் கிடந்த பெட்டிகளின் வரிசையை அவை காட்டின. விபத்தின் அளவு அந்தப் படங்களின் அகலத்தில்தான் தெரிந்தது.

அப்படிப்பட்ட அகலப் படம் ஒன்று செய்தித் தளத்துக்குள் நுழைந்ததும் பல துண்டுகளாகிறது. முகப்புக்கு ஒரு கிடைமட்டத் துண்டு, செயலிப் பட்டியலுக்கு ஒரு சதுரம், ஸ்டேட்டஸுக்கு நெட்டுக்குத்தான கட்டம், வாட்ஸ்அப் இணைப்பின் ஓரத்தில் ஒரு சின்னஞ்சிறு பொட்டு. தீயை மட்டும் காட்டும் துண்டு ஒரு செய்தியைச் சொல்லும். சாய்ந்த ஒற்றைப் பெட்டியைக் காட்டும் துண்டு வேறொரு செய்தியைச் சொல்லும். எந்தத் துண்டு வெளியே போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் எந்த மனிதரும் தீர்மானிப்பதில்லை, மென்பொருள் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது, எங்கே தடுமாறுகிறது, தமிழில் படமும் எழுத்தும் வெளியிடுவோர் அதைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

வெட்டின் கணக்கு

முதலில் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். கேமராவில் எடுத்த 3:2 விகிதப் படத்தைச் சதுரமாக்கினால் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சதுரத்துக்குள் வட்டம் வரைந்து டிபியாக வைத்தால் மூலப் படத்தில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அதே படத்தை ஸ்டேட்டஸுக்காக 9:16 என்று நெட்டுக்குத்தாக வெட்டினால் 37.5 விழுக்காடு மட்டுமே மிஞ்சுகிறது. அதாவது பார்ப்பவர் கண்ணுக்குப் படாத பகுதி, படும் பகுதியைவிடப் பெரிது.

செல்போனை நிமிர்த்திப் பிடித்து 3:4 விகிதத்தில் எடுத்த படத்தை 16:9 பேனருக்குள் போட்டால் மிஞ்சுவது 42 விழுக்காடு. மென்பொருள் அதை நடுவிலிருந்து எடுக்கும்போது படத்தின் மேலிருந்து சுமார் 29 விழுக்காடும் கீழிருந்து அதே அளவும் போகும். நின்றுகொண்டிருப்பவரின் தலை பொதுவாக மேல் பகுதியில்தான் இருக்கும். இணையதளங்களில் சட்டைப் பொத்தானும் அடையாள அட்டையும் தெரிய, தலையில்லாமல் நிற்கும் சிறப்பு விருந்தினர்கள் உருவாவது இப்படித்தான்.

நடுவெட்டு என்னும் இந்த முறை இன்றும் பரவலாகப் புழங்குகிறது. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில் 'ஆப்ஜெக்ட்-ஃபிட்: கவர்' என்று ஒரு வரி எழுதினால் படம் கட்டத்தை நிரப்பிவிடும், மிச்சம் மறைந்துவிடும். எங்கே வெட்டுவது என்று தனியாகச் சொல்லாவிட்டால் அது நடுவையே பிடித்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ் தளங்களில் இயல்பாக உருவாகும் 150-க்கு-150 சிறுபடமும் நடுவிலிருந்துதான் வெட்டப்படுகிறது. இதில் எந்த அறிவும் இல்லை. ஆனால் ஒரு நற்குணம் உண்டு. எங்கே வெட்டும் என்று முன்கூட்டியே தெரியும். படம் எடுப்பவர் அதற்கேற்ப இடம்விட்டு எடுக்கலாம்.

முகத்திலிருந்து கவனத்துக்கு

நடுவெட்டுக்கு மாற்று தேடிய ஆய்வுகள் இரண்டு ஓடைகளாக வந்தன. ஒன்று முகம் தேடுவது. பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001இல் வெளியிட்ட முறை, சாதாரணக் கணினியிலும் வேகமாக முகங்களைக் கண்டுபிடித்தது. முகம் கிடைத்தால் அதைச் சுற்றி வெட்டு என்பது எளிய விதி. ஆனால் பக்கவாட்டில் திரும்பிய முகம், குனிந்த தலை, ஹெல்மெட் ஆகியவை வந்தால் விதி தடுமாறும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உலைக்கூடத்தில் முகக்கவசம் போட்டு வேலை செய்பவரின் படத்தில் முகமே அகப்படாது. சுவரில் மாட்டிய நாட்காட்டியில் சிரிக்கும் நடிகை முகமாக அகப்பட்டுவிடுவார்.

இன்னொரு ஓடை, மனிதக் கண் எங்கே போகும் என்று ஊகிப்பது. லாரன்ட் இட்டி, கிறிஸ்டோஃப் காக், எர்ன்ஸ்ட் நீபர் மூவரும் 1998இல் வெளியிட்ட மாதிரி இதற்கு அடித்தளம். நிறம், ஒளிச்செறிவு, கோடுகளின் சாய்வு ஆகியவற்றில் சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்டுத் துருத்தும் இடங்களைக் கணக்கிட்டு, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தது அது. இதைக் கவன வரைபடம் என்று சொல்லலாம். 2003இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ஒன்று இந்த வரைபடத்தையும் முக அறிதலையும் கொண்டு சிறுபடங்களை வெட்டிப் பார்த்தது. படத்தை அப்படியே சுருக்குவதைவிட, வெட்டிச் சுருக்கிய சிறுபடங்களைப் பயனர்கள் எளிதாக அடையாளம் கண்டார்கள், வேகமாகத் தேடியெடுத்தார்கள். தானியங்கி வெட்டுக்கு ஆதரவான இந்த வாதம் இன்றும் செல்லுபடியாகும். விரல் நகமளவு கட்டத்தில் முழுப் படமும் எறும்புக் கூட்டமாகத்தான் தெரியும்.

அடுத்த பத்தாண்டில் விதிகளின் இடத்தைத் தரவு பிடித்தது. எம்ஐடி1003 என்ற தொகுப்பில் 1003 படங்களை 15 பேர் பார்த்தபோது அவர்கள் கண் நின்ற இடங்கள் கருவியால் பதிவாயின. கண் அசைவுக் கருவி விலை கூடியது என்பதால், 2015இல் வந்த சாலிகான் தொகுப்பு மவுஸ் அசைவை அதற்கு ஈடாக எடுத்துக்கொண்டது. இணையவழிக் கூலியாட்கள் மங்கலான படத்தின்மேல் மவுஸை நகர்த்த, நகர்த்திய இடம் தெளிவாகும். எதைத் தெளிவாகப் பார்க்க விரும்பினார்கள் என்பது பதிவாகும். டீப்கேஸ் 2 போன்ற நரம்புவலை மாதிரிகள் இத்தகைய தொகுப்புகளில் பயின்றன.

இங்கே ஒரு நழுவல் நடந்துவிட்டது. கண் முதலில் எங்கே போகிறது என்ற கேள்வியும் படத்தில் எது முக்கியம் என்ற கேள்வியும் வேறுவேறு. கோயில் அலங்காரப் படத்தில் பார்வையை முதலில் இழுப்பது தீபச் சுடராக இருக்கலாம். சிறுவாபுரி கோயிலில் முருகனைக் காண வருபவர்களுக்குப் பாதம் இல்லாத படம் தரிசனமே ஆகாது. ஆய்வகத்தில் அளந்தது முதல் கேள்வியை. தளங்கள் அதைக் கொண்டு விடை சொன்னது இரண்டாவது கேள்விக்கு.

ட்விட்டர் கற்றுக்கொண்ட பாடம்

இந்த நழுவலின் விலை என்ன என்பது வெளியே தெரிந்தது ட்விட்டரில். அதற்கு முன்வரை முகம் தேடி வெட்டிய அந்நிறுவனம், முகமில்லாத படங்கள் கெட்டுப்போவதைக் காரணம் காட்டி, கவன வரைபடத்துக்கு மாறியதாக 2018 ஜனவரியில் அறிவித்தது. பெரிய நரம்புவலை ஒன்றைச் சுருக்கி, படம் ஏறும் கணத்திலேயே வெட்டும் அளவுக்கு வேகப்படுத்தியிருந்தார்கள். பொறியியல் சாதனை என்ற அளவில் அது பாராட்டத்தக்கது.

2020 செப்டம்பரில் பயனர்கள் தாங்களே சோதிக்கத் தொடங்கினார்கள். பராக் ஒபாமாவின் முகத்தையும் அமெரிக்க செனட்டர் மிட்ச் மெக்கானலின் முகத்தையும் நீளமான ஒரே படத்தின் இரு முனைகளில் வைத்துப் பதிவிட்டபோது, எந்த முனையில் யார் இருந்தாலும் சிறுபடத்தில் மெக்கானலே வந்தார். வெள்ளை முகத்தை இயந்திரம் விரும்புகிறதா என்ற கேள்வி உலகெங்கும் கேட்கப்பட்டது.

ட்விட்டரின் ஆய்வாளர்கள் கைரா யீ, உதைபோன் தந்திபொங்பிபட், சுபான்ஷு மிஸ்ரா மூவரும் 2021 மே மாதம் தம் சோதனை முடிவை வெளியிட்டார்கள். இருவர் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துச் சோதித்ததில், சரிசமம் என்ற நிலையிலிருந்து பெண்கள் பக்கம் 8 விழுக்காடும், வெள்ளையர் பக்கம் 4 விழுக்காடும் சாய்வு இருந்தது. பெண்களை மட்டும் ஒப்பிட்டால் வெள்ளையர் பக்கச் சாய்வு 7 விழுக்காடு, ஆண்களை மட்டும் ஒப்பிட்டால் 2 விழுக்காடு. பெண்களின் உடலை நோக்கி வெட்டுகிறதா என்ற ஐயத்துக்கு, தலையை விட்டு வேறிடத்தில் வெட்டிய படங்கள் நூற்றுக்கு மூன்று அளவில்தான், அவற்றிலும் பெரும்பாலும் விளையாட்டுச் சட்டையின் எண் போன்றவையே காரணம் என்று விடை சொன்னார்கள்.

இந்த விடையோடு விவகாரம் முடியவில்லை. அபேபா பிர்ஹானே, வினய் பிரபு, ஜான் வேலி மூவரும் ட்விட்டரோடு கூகுள், ஆப்பிள் ஆகியவற்றின் வெட்டுமுறைகளையும் தணிக்கை செய்து 2022இல் வெளியிட்ட கட்டுரை, சிவப்புக் கம்பள நிகழ்ச்சிகளில் எடுக்கும் பெண்களின் முழு உருவப் படங்களில் அந்தச் சிக்கல் புறந்தள்ளக்கூடியது அன்று என்று காட்டியது. எந்த வகைப் படத்தைச் சோதனைக்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது.

ட்விட்டர் ஆய்வில் சதவீதங்களைவிட முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. கவன வரைபடம் எல்லாப் புள்ளிகளுக்கும் மதிப்பெண் கொடுத்தாலும், வெட்டும் கட்டத்தில் உச்ச மதிப்பெண் பெற்ற ஒரே புள்ளியைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒருவருக்கு 0.51, மற்றவருக்கு 0.49 என்றால் முதலாமவர் முழுமையாக உள்ளே, இரண்டாமவர் முழுமையாக வெளியே. நூலிழை வேறுபாடு இருத்தலும் இல்லாமையுமாக வீங்கிவிடுகிறது. சட்டமன்றத் தொகுதியில் ஒரு வாக்கில் வென்றவர் முழு உறுப்பினராவது போன்ற ஏற்பாடு இது. அங்கே தோற்றவருக்கு அடுத்த தேர்தல் உண்டு, இங்கே இல்லை. தரவைத் திருத்தினாலும் இந்த வீக்கம் போகாது, ஏனென்றால் அது தரவிலிருந்து வரவில்லை. ஒரே ஒரு வெட்டுதான் தர வேண்டும் என்ற வடிவமைப்பிலிருந்து வருகிறது.

ட்விட்டர் தன் வெட்டுமுறையின் நிரலைப் பொதுவில் வைத்தது; 2021 ஆகஸ்டில், அதில் குறை கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசு கொடுத்தது. முதல் பரிசு பெற்ற பொக்டன் குலினிச், முகத்தை வெளுப்பாக, ஒல்லியாக, இளமையாக மாற்ற மாற்ற மதிப்பெண் ஏறுவதைக் காட்டினார். இரண்டாம் பரிசு பெற்ற குழு, குழுப்படங்களில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஒதுக்கப்படுவதைக் காட்டியது. மூன்றாம் பரிசு பெற்ற ரோயா பக்ஸாத் காட்டியது நமக்கு மிக நெருக்கமானது: ஒரே படத்தில் இரு மொழி எழுத்துகள் இருந்தால், அரபி எழுத்தை விட்டு லத்தீன் எழுத்தை அது தேர்ந்தது.

அதற்குள் நிறுவனம் முடிவெடுத்துவிட்டது. 2021 மே மாதம் செல்போன் செயலிகளில் வழக்கமான விகிதப் படங்கள் வெட்டில்லாமல் முழுதாகத் தெரியத் தொடங்கின. பதிவிடும் முன்பே படம் எப்படித் தெரியும் என்ற காட்சியும் வந்தது. எல்லாவற்றையும் கணினி நிரலுக்கு ஒப்படைக்க வேண்டியதில்லை, படத்தை எப்படி வெட்டுவது என்பதை மனிதர்கள் முடிவு செய்வதே நல்லது என்ற கருத்தை, அப்போது அங்கே அறநெறிக் குழுவுக்குத் தலைமை வகித்த ரும்மன் சவுத்ரி வெளிப்படையாக எழுதினார்.

மனிதர் வெட்டினால் சரியா?

மனிதர் கையில் கொடுத்தால் தீர்ந்தது என்று நிம்மதி கொள்வதற்கில்லை. 2020 ஜனவரியில் தாவோஸில் ஐந்து இளம் காலநிலைப் போராளிகள் நின்ற படத்தை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் வெட்டி அனுப்பியபோது, ஓரத்தில் நின்ற உகாண்டாவின் வனெசா நகாடே மட்டும் காணாமல் போனார். மிஞ்சிய நால்வரும் வெள்ளையர்கள். பின்னால் இருந்த கட்டடம் உறுத்தியதால் வெட்டினோம் என்றது நிறுவனம். பிறகு மன்னிப்பும் கேட்டது. அழகியல் காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விளைவு ஒருவரை வரலாற்றிலிருந்து அகற்றியது.

மனிதர் வெட்டுக்கும் தானியங்கி வெட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தாவோஸ் படத்தை வெட்டியது யார், ஏன் என்று கேட்க முடிந்தது, பதில் சொல்ல ஆள் இருந்தார், மூலப் படம் மீண்டும் வெளிவந்தது. அச்சுக் காலத்துத் தமிழ் இதழ்களில் அச்சுக்கட்டை (பிளாக்) செய்யக் கொடுக்கும் படத்தில் எதுவரை எடுப்பது என்று குறித்துக் கொடுத்தவரும் அப்படிப் பொறுப்பேற்றவர்தான். தானியங்கி வெட்டில் அந்த ஆள் இல்லை. அதைவிட, வெட்டு நடந்ததே பதிவிட்டவருக்குத் தெரிவதில்லை. அவர் திரையில் ஒன்று, வாசகர் திரையில் வேறொன்று. 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் தன் பக்கக் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நெட்டுக்குத்தாக மாற்றியதும், சதுரத்துக்கென்றே பார்த்துப் பார்த்து அமைத்த பழைய படங்களின் ஓரங்கள் பறிபோயின. முன்பே வெளியிட்ட படத்தையும் பின்னால் வெட்ட முடியும் என்பது அச்சில் இல்லாத புதுமை.

நம் படங்களின் இலக்கணம்

தமிழ்ச் சூழலில் புழங்கும் படங்களுக்கென்று சில இயல்புகள் உண்டு. பொது மாதிரிகள் தடுமாறும் இடங்களும் அவைதான்.

முதலாவது குரூப் போட்டோ. கல்யாண மேடையாகட்டும், கவரைப்பேட்டையின் பொறியியல் கல்லூரிகளில் நடக்கும் ஆண்டு விழாவாகட்டும், நம் குழுப்படம் அகலமானது. நடுவில் மணமக்களோ சிறப்பு விருந்தினரோ, இருபுறமும் உறவின் நெருக்கத்துக்கோ பதவிக்கோ ஏற்ற வரிசை. ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவை வெட்டிய படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வரும் மனத்தாங்கல் எளிதில் தீராது. இத்தகைய படத்துக்குச் சரியான வெட்டு என்ற ஒன்றே கிடையாது. யாரை எடுத்தாலும் யாரோ போவார். கட்டத்தைப் படத்துக்கேற்ப மாற்றுவது ஒன்றே வழி.

இரண்டாவது எழுத்து சேர்ந்த படம். திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கட்சி ஃபிளெக்ஸ், காலை வணக்கப் படம் என நாம் பகிரும் படங்களில், சேதியின் பெரும்பகுதி எழுத்தில் இருக்கும் வகைகள் ஏராளம். தமிழ் வரி நீளமானது. ஒரு சொல்லின் கடைசி எழுத்து போனால் 'வந்தார்' 'வந்தா' ஆகிவிடும், மரியாதையே போய்விடும். கவரைப்பேட்டை நிலையத்தின் மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்துகள் இருக்கின்றன. பலகையோடு எடுத்த ஒரு படத்தைச் சிறுபடமாக்கும்போது எந்த எழுத்து மிஞ்சும் என்பது, அரபிக்கு நேர்ந்ததைப் பார்த்தபின், அற்பமான கேள்வி அன்று. கட்சி ஃபிளெக்ஸில் மேல் மூலையில் சிறிதாக இருக்கும் மறைந்த தலைவர்களின் படங்கள் மரியாதையின் வரிசையில் முதலிடத்தில் இருப்பவை என்பது இங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். மாதிரிக்கு அவை மூலையில் கிடக்கும் சிறு முகங்கள்.

மூன்றாவது தொழில் சார்ந்த பொருள். கும்மிடிப்பூண்டி வட்டார ஆலைகளில் உருவாகும் டிஎம்டி கம்பி, குழாய் போன்றவை நீளமானவை. கம்பிக் கட்டின் படத்தில் கவனத்தை ஈர்ப்பது பளிச்சென்ற விலைச்சீட்டாகவோ, முனையில் தெரியும் வட்டங்களாகவோ இருக்கலாம். வாங்குபவருக்கு வேண்டியது நீளமும் முறுக்கு வரிகளும். இணைய வணிகம் இதற்கு எளிய தீர்வைக் கண்டுவிட்டது: வெட்டாதே, வெள்ளைப் பின்னணியில் பொருளை முழுதாக வை. அமேசான் தளம் முதன்மைப் படத்தில் பொருள் சட்டத்தின் 85 விழுக்காட்டை நிரப்ப வேண்டும் என்று கேட்கிறது. அங்கே படம் கட்டத்துக்கு ஏற்ப முன்பே எடுக்கப்படுகிறது.

வேறு வழிகள், அவற்றின் விலை

வெட்டாமலே விகிதத்தை மாற்றும் முயற்சிகளும் உண்டு. ஷாய் அவிதான், ஏரியல் ஷமீர் இருவரும் 2007இல் முன்வைத்த முறை, படத்தில் சாரமில்லாத புள்ளிகளை இணைத்துக் கோடு கோடாக உருவியெடுக்கும். கடற்கரை, வயல்வெளிப் படங்களில் அது கண்கட்டு வித்தை. தண்டவாளம் போன்ற நேர்க்கோடுகள் உள்ள படத்தில் கோடு நெளியும். செய்திப் படத்துக்கு அது ஆகவே ஆகாது, இருவருக்கு இடையே இருந்த தூரத்தையே அது பொய்யாக்கும். 2023இல் ஃபோட்டோஷாப்பில் வந்த வசதி எதிர்த்திசையில் போகிறது: கட்டம் பெரிதானால் இல்லாத ஓரத்தைச் செயற்கை நுண்ணறிவு வரைந்து நிரப்பும். விளம்பரத்துக்கு உதவும். விபத்துப் படத்தில் இல்லாத பெட்டியை வரைந்தால் அது மோசடி. வெட்டு சிலதை மறைக்கிறது. இவை நடக்காததைச் சேர்க்கின்றன.

நடைமுறையில் மிகப் பயனுள்ளது பழைய, எளிய உத்தி: படத்தில் முக்கியமான இடம் எது என்று ஏற்றுபவரே ஒரு புள்ளி வைப்பது. வேர்ட்பிரஸின் 'கவர்' படப் பகுதியில் இந்தக் குறி வசதி இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் 'ஆப்ஜெக்ட்-பொசிஷன்' என்ற கட்டளை அந்தப் புள்ளியை ஏற்கும். எச்டிஎம்எல்லின் 'பிக்சர்' குறியைக் கொண்டு, கணினிக்கு ஒரு வெட்டும் செல்போனுக்கு வேறு வெட்டும் கொடுக்கலாம். செய்திப் படங்களின் விவரக் குறிப்புத் தரத்தை வகுக்கும் ஐபிடிசி அமைப்பு, படத்தின் பகுதிகளைக் குறித்து வைக்கும் வசதியை 2019இல் சேர்த்தது. படம் எடுத்தவர் வைத்த குறி படக்கோப்புடனேயே பயணிக்க அது வழி செய்கிறது.

நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் படம் ஏற்றும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைக்க ஆள் ஏது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை வேலையைப் பிரிப்பதில் இருக்கிறது. சந்தைக் காய்கறி, கைபேசி உறை, நிலக்காட்சி போன்ற படங்களைத் தானியங்கிக்கு விடலாம். வெட்டு தவறினால் அழகு குறையும், வேறொன்றும் ஆகாது. ஒன்றுக்கு மேற்பட்ட முகமோ எழுத்தோ உள்ள படத்தை மென்பொருளே கண்டறிந்து, வெட்டாமல் நிறுத்தி, மனிதரிடம் கேட்க வேண்டும். முகங்களை எண்ணுவதும் எழுத்து இருப்பதை அறிவதும் அதற்கு இன்று எளிது. யார் முக்கியம் என்று சொல்வதுதான் அதற்கு இயலாதது. விபத்து, இறப்பு, போராட்டம் குறித்த படங்களில் வாசகர் ஒரு தட்டில் முழுப் படத்தையும் பார்க்கும் வழி இருந்தே ஆக வேண்டும்.

கால் நூற்றாண்டு ஆய்வு, வெட்டும் கருவியை வேகமாகவும் கூர்மையாகவும் ஆக்கியிருக்கிறது. ஆனால் முக்கியத்துவம் படத்தின் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் பண்பு என்ற அனுமானத்தை அது நிரூபிக்கவில்லை. ட்விட்டரின் அனுபவம் அதை மறுக்கவே செய்கிறது. முக்கியத்துவம் படத்தை யார், யாருக்கு, எதற்காகக் காட்டுகிறார் என்பதில் இருக்கிறது. அந்த விவரம் ஏற்றுபவரிடம்தான் உண்டு. ஆகவே ஒரு தளத்தையோ செயலியையோ தேர்ந்தெடுக்கும் பத்திரிகையும் கல்லூரியும் ஆலையும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: வெட்டிய பிறகு எப்படித் தெரியும் என்பதை வெளியிடும் முன் காட்டுகிறதா? அதை மாற்ற விடுகிறதா? மூலப் படத்தை அப்படியே பாதுகாக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், அந்தக் கருவி எவ்வளவு புத்திசாலி என்று விளம்பரம் சொன்னாலும், அதை நம்பி மனிதர்களின் படங்களை ஒப்படைக்கக் கூடாது.